விண்டோஸ் டிஃபெண்டரோடு இரண்டு ஆண்டுகள்

2024 ஜனவரி. பெலால் புயலில் எங்கள் மொரிஷியஸின் தலைநகர் போர்ட் லூயி வெள்ளக்காடாகிப் பத்து நாள்கூட ஆகவில்லை. தைப்பூசக் காவடிக்கு இன்னும் இரண்டே நாள். ரோஸ்ஹில் வீட்டில் உட்கார்ந்து வகுப்புப் பிள்ளைகளுக்காகக் காவடிச்சிந்து தேடிக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு தளத்தில் ‘பதிவிறக்கு’ என்றிருந்ததை அழுத்தியதும் திரை முழுக்கச் சிவப்பு. கணினியில் வைரஸ், அணைக்காதீர்கள், இந்த எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள் என்று பிரெஞ்சில் மிரட்டல். கூடவே அபாயச் சங்கு வேறு. ஐயோ என்றேன். (எங்கள் கிரியோலிலும் அதே ‘ஆயோ’தான்.)

எஸ்கேப் விசையை அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகிவிடும் என்று அன்று தெரியாது. பவர் பட்டனை அமுக்கி அணைத்துவிட்டு அக்கா மகனுக்குப் போன் போட்டேன்.

“மாமா, அந்த நம்பருக்கு அடிச்சீங்களா?”

“இல்லடா.”

“எதையாவது இறக்கித் திறந்தீங்களா?”

“இல்ல.”

“அப்போ பெரும்பாலும் ஒன்னும் ஆகியிருக்காது. மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கையில போன் நம்பரே வராது. எதுக்கும் டிஃபெண்டர்ல ஸ்கேன் போடுங்க.”

டிஃபெண்டர் என்பது விண்டோஸோடு சேர்ந்தே வரும் வைரஸ் தடுப்பு மென்பொருள். சும்மா வருவதுதானே என்று அதுவரை அதை நான் மதித்ததில்லை. அன்று முழு ஸ்கேன் போட்டேன். என் பழைய மடிக்கணினியில் மூன்று மணி நேரம், விசிறி ஆட்டோ போல இரைந்தது. அப்புறம் ஆஃப்லைன் ஸ்கேன். இதுதான் எனக்குப் பிடித்தது: விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஓடுவதால், உள்ளே ஒளிந்துகொள்ளும் வைரஸுக்கு இடம் குறைவு. கால் மணி நேரத்தில் முடிந்தது. இரண்டுமே சுத்தம் என்றன.

ஆனால் மறுநாளும் திரையின் மூலையில் ‘வைரஸ்! வைரஸ்!’ என்று சின்னச் சின்னப் பெட்டிகள். இரண்டு இரவு தூக்கமில்லை. கடைசியில் பார்த்தால், நீங்கள் ரோபோ இல்லையென்றால் ‘அனுமதி’யை அழுத்துங்கள் என்று அந்தத் தளம் கேட்டபோது, நானே அழுத்தியிருக்கிறேன். குரோம் அமைப்புகளில் அறிவிப்புகள் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினேன், அதோடு ஓய்ந்தது. டிஃபெண்டரைக் குறை சொல்ல முடியாது. அது கோப்பைத்தான் சோதிக்கும், நான் கொடுத்த அனுமதியை அல்ல. ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இரண்டு ஆண்டில் ஒரே ஒருமுறை வீண் பழி போட்டது, ஒரு பழைய தமிழ் எழுத்துரு மாற்றி மேல். ஒரு கோப்பைப் பல வைரஸ் தடுப்பு மென்பொருள்களால் சோதித்துக் காட்டும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்த்துச் சந்தேகம் தீர்த்துக்கொண்டேன். அங்கே ஏற்றும் கோப்பு மற்றவர் கைக்கும் போகலாம், அதனால் மாணவர் மதிப்பெண் பட்டியலையெல்லாம் ஏற்றுவதில்லை. மற்றபடி காசு கொடுத்து வேறு எதுவும் வாங்கவில்லை, வாங்கத் தோன்றவும் இல்லை.

இப்போதைய கவலை வேறு. என் மடிக்கணினியில் இருக்கும் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. டிஃபெண்டருக்கு 2028 வரை புது வைரஸ் விவரங்கள் வரும். ஆனால் விண்டோஸில் இருக்கும் ஓட்டைகளை அது அடைக்காது. அந்த ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்புப் புதுப்பிப்புகளுக்கான ஓராண்டு நீட்டிப்பில் பதிந்திருக்கிறேன். 2026 அக்டோபருக்குள் புது மடிக்கணினி வாங்கியாக வேண்டும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.