செலக்ட்_ரிலேட்டட்டா, ப்ரீஃபெட்ச்_ரிலேட்டட்டா? குவெரி எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது

ஜாங்கோவில் (பைத்தானில் வலைத்தளம் கட்டும் ஃபிரேம்வொர்க்), ஒரு டேபிளோடு தொடர்புள்ள இன்னொரு டேபிளின் டேட்டாவை முன்கூட்டியே எடுத்துவர இரண்டு வழிகள்: செலக்ட்_ரிலேட்டட், ப்ரீஃபெட்ச்_ரிலேட்டட். இந்த இரண்டில் எதைப் போடுவது என்று அதில் வேலை செய்பவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். ஃபாரின் கீ (ஒரு ரெக்கார்டு இன்னொரு ஒற்றை ரெக்கார்டைச் சுட்டுவது) என்றால் செலக்ட்_ரிலேட்டட், மெனி டு மெனி (இரு பக்கமும் பலவற்றோடு பல தொடர்புகொள்வது) என்றால் ப்ரீஃபெட்ச்_ரிலேட்டட். சரிதான், ஆனால் எது ஓடும், எது எர்ரர் அடிக்கும் என்ற அளவில்தான் அது சரி. எது வேகமாக ஓடும் என்பது வேறு கணக்கு. டேட்டாபேஸுக்குப் போகும் 51 குவெரி ஒன்றாக இறங்கிவிட்டது என்று டீபக் டூல்பாரில் (குவெரிகளை எண்ணிக்காட்டும் கருவி) பார்த்த சந்தோஷத்தில், அந்த ஒரு குவெரி எவ்வளவு டேட்டாவை இழுத்துக்கொண்டு வருகிறது என்று பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஒரு வலைப்பதிவுத் தளத்தை எடுத்துக்கொள்வோம். பதிவு, எழுத்தாளர், பின்னூட்டம், குறிச்சொல் என்று நான்கு மாடல்கள் (மாடல் என்பது ஒரு டேபிளின் பைத்தான் வடிவம்). முகப்பில் 50 பதிவுகள், ஒவ்வொன்றின் கீழும் எழுத்தாளர் பெயர். எதுவும் செய்யாமல் விட்டால் பதிவுகளுக்கு 1 குவெரி, பெயர்களுக்கு 50 குவெரி. எல்லாரும் திட்டும் என் + 1 இதுதான். செலக்ட்_ரிலேட்டட் போட்டால் இரண்டு டேபிளையும் ஜாயின் செய்து (இணைத்து) ஒரே குவெரியில் எல்லாம் வந்துவிடும். ப்ரீஃபெட்ச்_ரிலேட்டட் முதலில் பதிவுகளை எடுக்கும், அவற்றில் உள்ள எழுத்தாளர் ஐடிகளைத் திரட்டி ஒரு இன் கண்டிஷனோடு இரண்டாவது குவெரி அனுப்பும், வந்ததைப் பைத்தான் பக்கத்தில் பொருத்திவைக்கும். ஒன்றுக்கு இரண்டு. அதனால் செலக்ட்_ரிலேட்டட் ஜெயித்தது என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

அந்த 50 பதிவுகளையும் எழுதியது 4 பேர்தான் என்று வையுங்கள். ஒவ்வொரு எழுத்தாளர் ரெக்கார்டிலும் நீளமான அறிமுகக் குறிப்பு, போதாக்குறைக்கு செட்டிங்ஸ் எல்லாவற்றையும் அடைத்த ஒரு ஜேசன் ஃபீல்டு. ஜாயினில் அந்த அறிமுகமும் ஜேசனும் 50 முறை திரும்பத் திரும்ப நெட்வொர்க்கில் வரும், ஜாங்கோவும் சளைக்காமல் 50 எழுத்தாளர் ஆப்ஜெக்ட்டுகளை உருவாக்கும். ப்ரீஃபெட்சில் வருவது 4 ரெக்கார்டு, உருவாவது 4 ஆப்ஜெக்ட், பதிவுகள் அவற்றையே பகிர்ந்துகொள்ளும். ஃபாரின் கீக்கும் ப்ரீஃபெட்ச்_ரிலேட்டட் தாராளமாக வேலை செய்யும் என்பதே பலருக்குத் தெரியாது.

அதற்காக எல்லா இடத்திலும் ப்ரீஃபெட்சைக் கொண்டுபோய் வைக்கவும் வேண்டாம். டேட்டாபேஸ் சர்வர் தூரத்தில் இருந்தால் ஒவ்வொரு கூடுதல் குவெரிக்கும் போய்வரும் நேரம் இருக்கிறது. எதிர்ப்பக்க ரெக்கார்டு சின்னது, பெரும்பாலும் ஒவ்வொன்றும் வெவ்வேறு (ஆர்டருக்கு அதன் இன்வாய்ஸ் மாதிரி) என்றால் செலக்ட்_ரிலேட்டட்தான். தடிமனான ரெக்கார்டு, அதுவும் திரும்பத் திரும்ப வருவது என்றால் ப்ரீஃபெட்ச். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு: செலக்ட்_ரிலேட்டட்டோடு ஒன்லி சேர்த்து, தலைப்பும் எழுத்தாளர் பெயரும் மட்டும் போதும் என்று சொல்லிவிடலாம். பல லிஸ்ட் பக்கங்களுக்கு இதுவே போதும். ஒன்று மட்டும்: ஆர்க்யுமென்ட் எதுவும் தராமல் வெறும் செலக்ட்_ரிலேட்டட் என்று எழுதாதீர்கள். காலியாக (நல்) விட முடியாத ஃபாரின் கீ எல்லாவற்றையும் பின்தொடர்ந்து போய் அது எங்கெங்கோ ஜாயின் போட்டுவிட்டு வரும்.

பின்னூட்டமும் குறிச்சொல்லும் சேர்ந்து தேவைப்படும்போதுதான் கதை சுவாரசியமாகிறது. ஒரு பதிவுக்கு 20 பின்னூட்டம், 5 குறிச்சொல். 50 பதிவுகளுக்கு இரண்டையும் ஒரே குவெரியில் ஜாயின் செய்தால் பதிவுக்கு 20 × 5 = 100 ரெக்கார்டு, மொத்தம் 5,000. தனித்தனியாக எடுத்தால் 50 + 1,000 + 250 = 1,300, அதிலும் பதிவின் முழு உரை ஒவ்வொன்றும் ஒரே முறைதான் வரும். ஜாங்கோ இங்கே செலக்ட்_ரிலேட்டட்டை அனுமதிக்கவே அனுமதிக்காது, ஃபீல்டு பெயர் செல்லாது என்று எர்ரர் காட்டி நம்மைக் காப்பாற்றிவிடும்.

ரூபி மொழியின் ஃபிரேம்வொர்க்கான ரெயில்ஸ் அப்படி இல்லை. அங்கே ப்ரீலோட் தனித்தனி குவெரி, ஈகர்_லோட் லெஃப்ட் ஜாயின், இன்க்ளூட்ஸ் என்பது இரண்டில் ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். சாதாரணமாக ப்ரீலோட் மாதிரி நடக்கும், வேர் கண்டிஷனில் (வடிகட்டும் நிபந்தனையில்) அந்த டேபிளைத் தொட்டீர்கள் என்றால் சத்தமில்லாமல் ஈகர்_லோடாக மாறிவிடும். யாரோ ஒருவர் பின்னாளில் ஒரு ஃபில்டர் சேர்ப்பார், 1,300 ரெக்கார்டு 5,000 வரை போய்விடும், அவர் மாற்றிய வரியில் அதற்கான அடையாளம் எதுவும் இருக்காது. அதனால் ரெயில்ஸில் எழுதினாலும் எனக்கு இன்க்ளூட்ஸைவிட ப்ரீலோட், ஈகர்_லோட் என்று வெளிப்படையாக எழுதுவதுதான் பிடிக்கும்.

ப்ரீஃபெட்சுக்கும் ஒரு வில்லங்கம் உண்டு. பின்னூட்டங்களை முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டீர்கள், நல்லது. மாடலில் ஒரு மெத்தட், அதற்குள் ‘அனுமதிக்கப்பட்ட பின்னூட்டங்கள் மட்டும்’ என்று ஃபில்டர் போட்டிருக்கிறது. ஃபில்டர் என்றாலே புதிய குவெரிசெட் (டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரு கேள்வியின் ஆப்ஜெக்ட்), எடுத்து வைத்ததை அது பார்க்காது. ஆக பதிவுகளுக்கு 1, வீணான ப்ரீஃபெட்சுக்கு 1, ஃபில்டருக்கு 50, மொத்தம் 52. ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் 51! ஆல் என்று கூப்பிட்டால் எடுத்து வைத்தது கிடைக்கும், கவுன்ட்டும் அதிலிருந்தே எண்ணிக்கொள்ளும், ஃபில்டர்தான் உதைக்கும். ஜாங்கோ 1.7-இல் வந்த ப்ரீஃபெட்ச் ஆப்ஜெக்ட் இதற்காகத்தான். ஃபில்டர் செய்த குவெரிசெட்டை அதற்குள் கொடுத்து, டூ_ஆட்டர் மூலம் தனிப் பெயரில் லிஸ்ட்டாக வாங்கிக்கொள்ளலாம். தனிப் பெயர் கொடுப்பது நல்லது, இல்லாவிட்டால் ஆல் என்று கூப்பிட்டும் பாதிதான் வருகிறதே என்று அடுத்து வருபவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் ப்ரீஃபெட்ச் எதற்கு, அனோடேட் (ஒவ்வொரு ரெக்கார்டோடும் கணக்கிட்ட எண்ணைச் சேர்த்துத் தருவது) போடலாமே என்பீர்கள். போடலாம், ஒரே ஒரு கவுன்ட் இருக்கும்வரை. பின்னூட்டக் கவுன்ட், குறிச்சொல் கவுன்ட் இரண்டையும் ஒரே குவெரியில் அனோடேட் செய்து பாருங்கள், மேலே சொன்ன பதிவுக்கு இரண்டுமே 100 என்று வரும். அதே 20 × 5. டிஸ்டிங்க்ட் ட்ரூ (திரும்ப வருவதை எண்ணாதே) என்று சேர்த்தால் எண் சரியாகிவிடும், ஆனால் உள்ளே டேட்டாபேஸ் அந்த 100-ஐயும் உருவாக்கித்தான் கழிக்கிறது. கவுன்ட்டுக்குப் பதிலாக சம் (கூட்டுத்தொகை) என்றால் டிஸ்டிங்க்டை நம்பவே முடியாது, ஒரே தொகையுள்ள இரண்டு ரெக்கார்டுகளை ஒன்றாக்கிவிடும். 1.11-இல் வந்த சப்குவெரி (குவெரிக்குள் தனிக் குவெரி), அவுட்டர்ரெஃப் (அதை வெளிக் குவெரியோடு பொருத்துவது) ஜோடிதான் இங்கே சரியான மருந்து, எழுதக் கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும். பிஹெச்பி மொழியின் ஃபிரேம்வொர்க்கான லாரவெலின் வித்கவுன்ட் ஆரம்பத்திலிருந்தே ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் தனி சப்குவெரி போடுகிறது. இந்த ஒரு விஷயத்தில் லாரவெல்காரர்கள் மேல் கொஞ்சம் பொறாமைதான்.

எக்சிஸ்ட்ஸ், கவுன்ட் சண்டையைச் சுருக்கமாகவே முடிக்கலாம். இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரியவேண்டுமானால் எக்சிஸ்ட்ஸ், அது லிமிட் 1 போட்டு ஒன்று கிடைத்ததும் நின்றுவிடும். கவுன்ட் பொருந்தும் எல்லாவற்றையும் எண்ணவேண்டும், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸிலும் மைசீக்குவலின் இன்னோடிபியிலும் மொத்த எண்ணிக்கையைத் தயாராக எழுதிவைத்த இடம் எதுவும் கிடையாது. ஆனால் அடுத்த வரியிலேயே அதே குவெரிசெட்டை லூப் செய்யப்போகிறீர்கள் என்றால் எக்சிஸ்ட்ஸ் தெண்டம். வெறும் இஃப் போதும், அது எல்லாவற்றையும் எடுத்துவிடும், லூப் அதையே பயன்படுத்திக்கொள்ளும். ரெயில்ஸில் சைஸ் இந்த முடிவை அழகாகத் தானே எடுக்கிறது: லோட் ஆகியிருந்தால் நீளம், இல்லையென்றால் கவுன்ட் குவெரி.

ஒன்லிக்கும் வேல்யூஸ்_லிஸ்ட்டுக்கும் போட்டி என்பதே கொஞ்சம் பொருந்தாத போட்டி. சிஎஸ்வி எக்ஸ்போர்ட், டிராப்டவுன் மாதிரி இடங்களுக்கு மாடலே தேவையில்லை, வேல்யூஸ்_லிஸ்ட் வெறும் டியூப்பிள் (மதிப்புகளின் தொகுப்பு) கொடுக்கும், ஆப்ஜெக்ட் கட்டும் செலவு மிச்சம். ஒன்லி கொடுப்பது மாடல் ஆப்ஜெக்ட், விட்டுப்போன ஃபீல்டைத் தொட்டால் ஜாங்கோ ஒரு வார்த்தை சொல்லாமல் ஆப்ஜெக்ட்டுக்கு ஒரு குவெரி அனுப்பி எடுத்துவரும். என் + 1-ஐ வாசலில் விரட்டினால் கொல்லைப்புறம் வழியாக வந்து நிற்கும் என்பது இதுதான். ரெயில்ஸில் செலக்ட் செய்யாத ஃபீல்டைத் தொட்டால் எர்ரர் வரும். அந்த எர்ரர் எவ்வளவோ மேல்.

பக்கம் பிரிப்பதில் ஆஃப்செட்டைவிட கீசெட் மேல் என்று அடித்துச் சொல்வார்கள். ஆஃப்செட் 100000, லிமிட் 20 என்றால் டேட்டாபேஸ் முதல் ஒரு லட்சத்தையும் கடந்துபோய் எறிந்துவிட்டுத்தான் 20-ஐத் தரும், உண்மைதான். நடுவில் புதிய பதிவு வந்தால் முந்தைய பக்கத்தில் பார்த்த பதிவே அடுத்த பக்கத்திலும் வந்து நிற்கும். கீசெட்டில் கடைசியாகப் பார்த்த தேதியையும் ஐடியையும் கொடுத்து அதற்குப் பிறகு 20 என்று கேட்கிறோம், சரியான இன்டெக்ஸ் இருந்தால் எந்தப் பக்கமும் ஒரே வேகம். ஆனால் 57-ஆம் பக்கத்துக்கு நேராகத் தாவ முடியாது, எந்த ஃபீல்டு வைத்தும் வரிசைப்படுத்தலாம் என்ற வசதியும் போய்விடும். சில ஆயிரம் ரெக்கார்டு உள்ள அட்மின் திரைக்கு ஆஃப்செட் தாராளமாகப் போதும். இறங்கிக்கொண்டே போகும் ஃபீடுக்கும் வெளியாருக்குத் தரும் ஏபிஐக்கும் கீசெட்.

மொத்த டேபிளையும் ஓட்டவேண்டிய வேலைகளுக்கு இட்டரேட்டர், ரெயில்ஸின் ஃபைன்ட்_ஈச், லாரவெலின் சங்க்பைஐடி. ஃபைன்ட்_ஈச்சும் சங்க்பைஐடியும் ஐடி வரிசையில் துண்டு துண்டாகக் கேட்பவை, எந்த டேட்டாபேஸிலும் ஒரே மாதிரி நடக்கும். ஜாங்கோவின் இட்டரேட்டர் போஸ்ட்கிரெஸில் சர்வர் பக்கக் கர்சர் (ரிசல்ட்டைத் துண்டு துண்டாகத் தரும் வசதி) திறந்து 2,000 வீதம் கொண்டுவரும். மைசீக்குவலில் டிரைவர் எல்லா ரிசல்ட்டையும் முதலிலேயே மெமரிக்கு இழுத்துவிடும், மிச்சமாவது மாடல் ஆப்ஜெக்ட்டுகளின் இடம் மட்டுமே. பிஜிபவுன்சரை (போஸ்ட்கிரெஸ் இணைப்புகளைப் பகிர்ந்துதரும் கருவி) டிரான்சாக்‌ஷன் மோடில் வைத்திருப்பவர்கள் இந்தக் கர்சரை அணைத்துவைக்க வேண்டும். லாரவெலில் ஐடி இல்லாத வெறும் சங்க் போட்டு, எந்த ஃபீல்டில் ஃபில்டர் செய்கிறீர்களோ அதையே லூப்புக்குள் மாற்றினால், ஆஃப்செட் நகர்ந்து ஒரு துண்டு விட்டு ஒரு துண்டு தப்பிப்போகும்.

என் + 1 நுழையாமல் காவலுக்கு என்ன இருக்கிறது என்றால், ரெயில்ஸ் 6.1 முதல் ஸ்ட்ரிக்ட்_லோடிங், லாரவெல் 8 முதல் பிரிவென்ட்லேசிலோடிங், ஜாங்கோவில் டெஸ்ட்டுக்கு அசர்ட்நம்குவெரிஸ். முதல் இரண்டும் லேசி லோடிங் (தொட்ட பிறகு தனிக் குவெரியில் எடுத்துவருவது) நடந்தால் எர்ரர் எறியும், மூன்றாவது எண்ணிப் பார்க்கும். அசர்ட்நம்குவெரிஸில் சரியான எண்ணைப் பதிந்துவைத்தால் மிடில்வேரில் (ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் கடந்துபோகும் இடைப்பகுதி) ஒரு குவெரி கூடினாலும் பாதி டெஸ்ட்டுகள் விழும். அதைவிட, 2 பதிவோடும் 10 பதிவோடும் அதே பக்கத்தை ஓட்டி, இரண்டிலும் குவெரி எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது நிம்மதி. டெஸ்ட் டேட்டாவில் ஒரே ஒரு பதிவை உருவாக்கிவிட்டுச் சோதித்தால் எதுவும் மாட்டாது. லாரவெலின் அந்தத் தடைகூட, குவெரியில் ஒன்றுக்கு மேற்பட்ட ரெக்கார்டுகள் வந்தால்தான் வாய் திறக்கும்.