நிபோங் தெபாலா, கோலாலம்பூரா, காசு கட்டித் தனியாரா?

மலேசிய அரசுப் பல்கலைக்கழகங்களில் சேருவதற்கான யுபியு விண்ணப்பத்தில் 12 இடம் நிரப்பலாம், கையில் வரப்போவது ஒன்றுதான். அதனால் முதல் இரண்டு மூன்று வரியில் எதைப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பட்டர்வொர்த்தில் சித்தி வீட்டில் இப்போது இந்தப் பேச்சுதான் ஓடுகிறது. தம்பி, சித்தியின் மகன், எஸ்டிபிஎம் (படிவம் ஆறு முடிவில் எழுதும் தேர்வு) முடித்துவிட்டான், பொறியியலில் எலக்ட்ரானிக்ஸ்தான் வேண்டும் என்கிறான். சித்திக்கு மலாயாப் பல்கலைக்கழகம், "அதுன்னாதான் நாலு பேருகிட்ட சொல்லிக்க முடியும்." சித்தப்பாவுக்கு யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்), அதன் பொறியியல் வளாகம் பக்கத்தில் நிபோங் தெபாலில்தான், ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாம். மாமா ஒருவர் குறுக்கே வந்து, எஸ்பிஎம் (படிவம் ஐந்து தேர்வு) முடிந்ததுமே தனியாரில் போட்டிருந்தால் இந்நேரம் இவன் டிகிரிக்குள் இருந்திருப்பான் என்று பழைய கணக்கைக் கிளறினார். ஆளுக்கு ஒரு கட்சி. என்னை நடுவராக்கினார்கள். நான் யுஎஸ்எம்மில் படித்தவன், என் தங்கை மலாயாவில் சிவில் முடித்தவள், ஆகவே நான் சுத்தமான நடுவர் இல்லை, தெரிந்தே படியுங்கள்.

மூன்றையும் எடை போடுமுன் ஒரு விஷயம். படிப்பின் பேரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். 'சர்ஜானா மூடா கெஜுருத்தெரான்' என்பது வேறு, 'சர்ஜானா மூடா தெக்னொலொகி கெஜுருத்தெரான்' என்பது வேறு. முன்னது பொறியியல், படித்தவர் மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதியலாம், பிறகு குறைந்தது மூன்று வருட அனுபவமும் தேர்வும் முடித்துத் தொழில்முறைப் பொறியாளர் ஆகலாம். பின்னது பொறியியல் தொழில்நுட்பம், அதற்கு 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த எம்போட் என்ற தனி வாரியம், பேருக்கு முன்னால் போட 'டிஎஸ்' என்ற தனி அடைமொழி. கைவேலை பிடித்தவனுக்கு அது நல்ல படிப்புதான். ஆனால் கட்டட வரைபடத்தில் கையெழுத்துப் போடும் ஆளாக வேண்டும் என்று கனவு காண்கிற பிள்ளை, யாரும் சொல்லாததால் இரண்டாவதில் போய் உட்கார்ந்துவிட்டு மூன்றாம் வருடத்தில் விவரம் தெரிந்து முழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அங்கீகாரமும் அப்படித்தான். பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கொடுப்பதில்லை, ஒவ்வொரு படிப்பையும் தனித்தனியாகப் பார்த்துக் காலக்கெடுவோடு கொடுக்கிறார்கள், வாரியத்தின் பட்டியலிலேயே தேடிப் பார்த்துக்கொள்ளலாம். பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்வதற்கான வாஷிங்டன் ஒப்பந்தத்தில் மலேசியா 2009-இல் முழு உறுப்பினரானதால், பட்டியலில் இருக்கிற படிப்பை ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகளிலும் சமமாகப் பார்ப்பார்கள். இந்தப் பட்டியலில் இருக்கிற வரைக்கும் மலாயா, யுஎஸ்எம், நல்ல தனியார் மூன்றுக்கும் காகித மதிப்பு ஒன்றேதான். மலாயா உலகத் தரவரிசையில் முதல் நூறுக்குள், யுஎஸ்எம் நூறைத் தாண்டி இருநூறுக்குள். பினாங்குத் தீவின் தொழிற்பேட்டையான பாயான் லெப்பாஸில் என்னை வேலைக்கு எடுத்தவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, டிரான்சிஸ்டர் சர்க்யூட் ஒன்றை வெள்ளைப் பலகையில் வரையச் சொன்னார், அவ்வளவுதான்.

சரி, இடத்துக்கு வருவோம். யுஎஸ்எம் என்றதும் பினாங்குத் தீவு, கொம்தார் கோபுரம், கடற்கரை என்று நினைத்து வருகிற கோலாலம்பூர்ப் பிள்ளைகள் முதல் நாளே வாடிப்போவார்கள். பொறியியல் வளாகம் தீவில் இல்லை. பேராக்கில் இருந்ததை 2001-இல் பெருநிலத்தின் தென்கோடிக்கு, நிபோங் தெபாலுக்கு மாற்றினார்கள். சுற்றிலும் செம்பனை. ஆற்றைத் தாண்டினால் பாரிட் புந்தார், அது பேராக் மாநிலம், நாங்கள் சாப்பிடப் போவதே அங்கேதான். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை. மோட்டார் இல்லாதவனுக்கு விடுதியும் மாமாக் கடையும்தான் உலகம்.

இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு இதுதான் அந்த இடத்தின் பெரிய பலம் என்று படுகிறது. முதல் வருடத்தில் பொறியியல் மாணவனைச் சாய்ப்பது பெரும்பாலும் கணக்குதான், எஸ்டிபிஎம்மில் கணிதத்தில் ஏ வாங்கியவன்கூடத் தடுமாறுவான், ஏனென்றால் அங்கே ஒரு தவணை முழுக்கப் போட்டதை இங்கே நாலு வாரத்தில் ஓட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் விடுதியில் கீழ்த்தளத்தில் ஒரு வெள்ளைப் பலகை கிடந்தது, ஒரு கால் உடைந்து சுவரில் சாய்த்து வைத்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஏழெட்டுப் பேர் அதன் முன்னால் உட்காருவோம். ஜாவியிலிருந்து வந்த தோட்டத்துப் பையன் ஒருவன், மலாய்ப் பையன்கள் மூன்று பேர், ஈப்போவிலிருந்து ஒரு சீனப் பெண் (அவளுடைய கேல்குலஸ் நோட்டு வளாகம் முழுக்க ஜெராக்ஸ் ஆனது). ஊரில் வேறு போக்கிடம் இருந்திருந்தால் அந்தக் கூட்டம் கூடியிருக்குமா என்பது சந்தேகம்.

தங்கையின் கதை நேர் எதிர். மலாயாவில் எல்.ஆர்.டி ஏறினால் பத்து நிமிடத்தில் பங்சார், இன்னும் கொஞ்சம் போனால் கே.எல். சென்ட்ரல், இறங்கி நடந்தால் பிரிக்பீல்ட்ஸ், வாழையிலைச் சாப்பாடு, கோயில், துணிக்கடை எல்லாம். நூலகம் பெரிது, நகரத்துக் கம்பெனிகளில் இருந்து ஆட்கள் வந்து பேசிவிட்டுப் போவார்கள். ஆனால் அவள் வகுப்பில் பாதிப் பேர் கிள்ளான், ஷா ஆலம், பெட்டாலிங் ஜெயா வீட்டுப் பிள்ளைகள், வெள்ளிக்கிழமை மதியமே கிளம்பிவிடுவார்கள். முதல் செமஸ்டர் முழுக்கத் தனியாகவே படித்தாள், ஸ்டாட்டிக்ஸில் சி வாங்கிக்கொண்டு அழுதாள். இரண்டாம் செமஸ்டரில் ஒரு சீனியர் அக்கா பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழுவில் சேர்த்த பிறகுதான் நிமிர்ந்தாள். குழு அங்கேயும் கிடைக்கும், தேடிப் போக வேண்டும். வாய் திறந்து கேட்கிற பிள்ளைக்குக் கோலாலம்பூர் சரி. ஒதுங்கி நிற்கிற பிள்ளையை அங்கே விட எனக்குக் கொஞ்சம் பயம்.

பட்டறை வேலையும் முதல் வருடத்தில் உண்டு, இது எங்கே போனாலும் வரும். கையளவு இரும்புத் துண்டு ஒன்றைக் கொடுத்து அரத்தால் தேய்த்துச் சரியான செங்கோணத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். தேய்த்துவிட்டு மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் இடுக்கில் ஒளி கசியும். இன்னும் தேய். இந்தப் பக்கம் சரியானால் அந்தப் பக்கம் கோணும். மூன்று மதியம் அதிலேயே போயின, உள்ளங்கையில் கொப்புளம். எலக்ட்ரானிக்ஸ் படிக்க வந்தவனுக்கு இது எதற்கு என்று திட்டிக்கொண்டே செய்தேன். அரை மில்லிமீட்டர் என்பது எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் கைக்குத் தெரிந்தது.

துறையை வைத்துப் பார்த்தால் எனக்கு அவ்வளவு குழப்பம் இல்லை. எலக்ட்ரானிக்ஸ் என்றால் வடக்கே இருங்கள். 1972-இல் இன்டெல் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை போட்ட காலத்திலிருந்து சிப் வேலை இங்கேதான் குவிந்திருக்கிறது, இப்போது பெருநிலத்து ஊர்களான பத்து காவானும் கூலிமும் சேர்ந்துவிட்டன. 2014-இல் 24 கிலோமீட்டருக்கு இரண்டாவது பாலம் திறந்த பிறகு வளாகத்திலிருந்து தீவின் தொழிற்பேட்டைக்குப் போவதும் சுலபம், தொழிற்பயிற்சிக்கு வீட்டிலிருந்தே போய்வரலாம். விண்வெளிப் பொறியியல், கனிம வளப் பொறியியல் இரண்டும் யுஎஸ்எம்மில் உண்டு, பின்னதை நம் பிள்ளைகள் திரும்பியும் பார்ப்பதில்லை, ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. சிவில், அதுவும் ஆலோசனை நிறுவனத்தில் சேரும் எண்ணம் இருந்தால் மலாயா. மருத்துவக் கருவிகளில் ஆசை இருந்தாலும் அங்கேதான், பயோமெடிக்கல் துறை இருக்கிறது.

இனிப் பணம். அரசுப் பல்கலைக்கழகத்தில் யுபியு வழியாகப் போனால் செமஸ்டருக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு வெள்ளி (ரிங்கிட்) அளவில் முடிந்துவிடும். (மலாயாவில் 'சாத்து' என்று தனி வழி ஒன்று உண்டு, அதில் மானியம் கிடையாது, கட்டணத்தைப் பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள்.) தனியாரில் நாலு வருடத்துக்கு அறுபது எழுபதாயிரத்துக்குக் குறைந்து கிடைப்பது கஷ்டம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் கிளை என்றால் 2 லட்சத்தைத் தாண்டும். பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடன் ஒரு சதவீதக் கட்டணத்தில் கிடைக்கும்தான், ஆனால் தனியாருக்கு அது முழுசாகப் போதாது, மீதிக்கு அம்மாவின் நகை. கோலாலம்பூரில் விடுதி போய்விட்டால் அறை வாடகை வேறு. நிபோங் தெபாலில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டையே எடுத்துவிடுவோம்.

தனியாரை ஒரேயடியாக ஒதுக்கவும் மாட்டேன். எஸ்பிஎம் முடித்து ஒரு வருட ஃபவுண்டேஷன், நேராக டிகிரி. படிவம் ஆறு போகிறவனைவிட ஏறக்குறைய ஒரு வருடம் முந்தலாம். சுங்கை லோங்கில் யுத்தார், சைபர்ஜெயாவில் எம்எம்யு, வடக்கே என்றால் பேடோங்கில் எய்ம்ஸ்ட் என்று தனியார் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. உபகாரச் சம்பளம் கையில் இருந்தால் தாராளமாகப் போகலாம். புத்தம்புதுப் படிப்பில் முதல் பேட்சாகச் சேர்வதற்கு மட்டும் யோசியுங்கள், முதல் பேட்ச் கடைசி வருடத்துக்கு வந்த பிறகுதான் அங்கீகாரம் கொடுக்க வந்து பார்ப்பார்கள். என் நண்பன் ஒருவன் அப்படி ஒரு இடத்தில் சேர்ந்து, படிப்பு முடிந்தும் பல மாதம் வாரியத்தில் பதிய முடியாமல் காத்துக் கிடந்தான்.

கடைசியில் தம்பி யுஎஸ்எம் எலக்ட்ரானிக்ஸை முதலாவதாகவும் மலாயாவை இரண்டாவதாகவும் போட்டான். தகுதிப் புள்ளியில் 10 சதவீதம் புறப்பாட நடவடிக்கைக்கு, அவனுடைய சாரணர் சான்றிதழ் எங்கே என்று அலமாரியைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினோம், தையல் மெஷின் டிராயரில் இருந்தது. சித்தி இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சித்தப்பா மட்டும் கொமுட்டர் ரயில் நிபோங் தெபாலில் எத்தனை மணிக்கு நிற்கிறது என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது தம்பி வாசல் வரை வந்து, "அண்ணே, உங்க பழைய கேல்குலேட்டர் இருக்கா?" என்றான். இருக்கிறது, '7' மட்டும் அழுத்தி அமுக்க வேண்டும்.