இந்தோனேசியாவில் ஆங்கிலம் சொல்லித்தர: மதரசாவா, இஸ்லாம் தெர்பாடுவா?

இந்தோனேசியாவில் முஸ்லிம் தொடக்கப் பள்ளி என்றால் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று மதரசா இப்திதாயியா, அதாவது தொடக்கநிலை மதரசா; சமய விவகார அமைச்சகத்தின் கீழ் வருவது. குர்ஆன்-ஹதீஸ் (நபிமொழி), ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டம்), அரபி எல்லாம் தனித்தனிப் பாடங்கள். 2013 பாடத்திட்டத்தில் தொடக்க வகுப்புகளுக்கு ஆங்கிலம் கட்டாயமில்லை என்றாகியிருந்தது; அதனால் உங்களுக்கு அதிகப் பாடவேளை கிடைக்காமல் போகலாம். ஆனால் ஓதிப் பழகிய பிள்ளைகள் மனப்பாடத்தில் கெட்டி. பாட்டாகச் சொல்லிக்கொடுத்தால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். பேச வைப்பதுதான் பாடு.

இன்னொரு வகையான இஸ்லாம் தெர்பாடு (‘ஒருங்கிணைந்த இஸ்லாம்’) பள்ளிகள் தனியார் நடத்துபவை, கட்டணமும் கூடுதல். லுஹர் (நண்பகல்) தொழுகை, மதியச் சாப்பாடு எல்லாம் அங்கேயே. வகுப்பு பிற்பகல் வரை நீளும். பெற்றோரின் எதிர்பார்ப்பும் அதிகம்.

அனுபவத்துக்காகப் போகிறவர் என்றால் என் ஓட்டு மதரசாவுக்கே. அப்புறம், எங்கே போனாலும் சுற்றுலா விசாவில் பாடம் நடத்தக் கூடாது.