சேலம் அம்மாபேட்டையில வீட்டை வாடகைக்கு விட்டு நான் மாட்டிக்கிட்ட கதை, ஓனருங்க ஒரு தடவை படிச்சிருங்க

அம்மாவை ஓசூருக்கு என்கூட கூட்டிட்டு வந்ததுக்கு அப்புறம் அம்மாபேட்டை வீடு சும்மா பூட்டிக் கிடந்துச்சு. ஒரு புரோக்கர்கிட்ட சொன்னேன், நாலே நாள்ல ஒரு ஃபேமிலியை புடிச்சுட்டு வந்தாரு, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பசங்க. கொலுசு வாங்கி விக்கிறேன்னு சொன்னாரு, வெள்ளிக் கொலுசுக்கு பேர் போன சேலத்துல இது சந்தேகப்படுற விஷயமா என்ன. 9,000 வாடகை, 50,000 அட்வான்ஸ். பழைய வீட்டு ஓனர் நம்பர் கேட்டு பேசினேன், "தங்கமான மனுஷன் சார், ஒண்ணாந்தேதி டான்னு வாடகை வந்துரும்"னாரு. அந்த "ஓனர்" இவரோட மச்சான்னு எட்டு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. அந்தத் தெருவுக்கு நேர்ல போய் பக்கத்து வீட்ல ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும், நான் போன்லயே முடிச்சுட்டேன்.

வாடகை நிஜமாவே டான்னு வந்துச்சுங்க, அதனாலயே எட்டு மாசமா அந்தப் பக்கம் எட்டிக்கூட பாக்கல. இபி மெசேஜ் வர்ற நம்பரையும் அவரு நம்பருக்கு நானே மாத்திக் குடுத்திருந்தேன், அதனால பில் எகிறினதும் தெரியல. எதுத்த வீட்டு அக்காதான் போன் பண்ணுச்சு, "தம்பி, ராத்திரி பதினோரு மணிக்கும் மோட்டார் ஓடுது, ஆசிட் நெடி தாங்கல, வந்து பாரு"ன்னு. போய் பாத்தா ஹால் முழுக்க பட்டறை, கம்பி இழுக்குற மெஷினை மொசைக் தரையில ஓட்டை போட்டு போல்ட் அடிச்சு நிறுத்தியிருக்காங்க, அம்மா பூஜை ரூம்ல வெள்ளி உருக்குறாங்க.

கேட்டா "வீட்டோட சின்னதா பண்றோம்ணா"ங்குறாரு.

அடுத்த மாசமே இபில இருந்து வந்து பாத்துட்டாங்க. வீட்டு கனெக்சன்ல தொழில் பண்ணா 2003 மின்சாரச் சட்டம் 126வது பிரிவுப்படி ரெண்டு மடங்கு ரேட் போடுவாங்க, எப்போ இருந்துன்னு தெரியலன்னா 12 மாசத்துக்கு கணக்கு. சர்வீஸ் இன்னும் அப்பா பேர்ல, நோட்டீஸ் வீட்டு கதவுல.

ஃப்ரெண்டு ஒருத்தன் ஃபியூஸை புடுங்கிடுன்னான். தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணிடாதீங்க, கரண்ட் தண்ணியை ஓனர் நிறுத்தினா சட்டப்படி நம்ம மேலதான் தப்பு. வக்கீல்கிட்ட போனா அவரு என் 20 ரூபா பத்திரத்தை பாத்துட்டு சிரிக்கிறாரு. 11 மாசம்னா ரெஜிஸ்டர் வேணாம்னு புரோக்கர் சொன்னது பழைய கதையாம், 2019 பிப்ரவரி 22ல இருந்து புது வாடகைச் சட்டம், எத்தனை மாசமா இருந்தாலும் எழுதி வாடகை அதிகாரிகிட்ட பதியணும், ஆன்லைன்லயே பண்ணலாம். பதியாத பேப்பரை சாட்சியா எடுக்க மாட்டாங்க. பதிஞ்சிருந்தா, இதை நிறுத்துன்னு நோட்டீஸ் குடுத்தும் தொடர்ந்தா அதையே காரணமா வச்சு காலி பண்ண வச்சிருக்கலாமாம்.

கடைசியில பஞ்சாயத்து பேசி அட்வான்ஸ்ல இபி காசை கழிச்சு, அதுவும் பத்தாம கையில இருந்து போட்டு, காலி பண்ண வச்சேன். சாவி வாங்கிட்டு உள்ள போனா சுவரெல்லாம் கரி, பின்னாடி பைப் ஆசிட்ல அரிச்சுப் போச்சு, ஆனா தரை மட்டும் ஒரு தூசி இல்லாம பளபளன்னு இருக்கு. பரவால்ல, கூட்டியாவது விட்டுட்டு போயிருக்காங்களேன்னு அக்காகிட்ட சொன்னேன்.

"கூட்டின மண்ணுல வெள்ளி இருக்கும்டா தம்பி, மூட்டை கட்டி எடுத்துட்டு போனான். சாக்கடை மண்ணைக்கூட விடல."