பார்வை மங்கும்போது எந்த வாட்ச்? ஐடபிள்யூசி மார்க் 20, ரோலக்ஸ் எக்ஸ்ப்ளோரர், கிராண்ட் சீக்கோ ஒப்பீடு

லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய வாட்சைக் கட்டிக்கொண்டு, மணி பார்க்க செல்போனை எடுக்க வேண்டியிருந்தால் அந்தப் பணம் வீண். பார்வை குறையத் தொடங்கியவர்கள் கடையில் முதலில் கேட்பது "பெரிய டயல்". ஆனால் 44 மி.மீ. வாட்சாகவே இருந்தாலும், வெள்ளி நிற டயலின் மேல் வெள்ளி நிற முள் ஓடினால் மணி தெரியாது. 36 மி.மீ. கறுப்பு டயலில் வெள்ளை முள் பளிச்சென்று தெரியும். கண்புரை, கண் நீர் அழுத்தம் இரண்டிலுமே கிட்டத்தட்ட ஒரே மாதிரியான நிறங்களைப் பிரித்துப் பார்க்கும் திறன் குறைகிறது. அளவைக் கூட்டினால் மட்டும் அது சரியாகாது.

இந்தக் கணக்கில் முதலிடம் ஐடபிள்யூசி மார்க் 20-இன் கறுப்பு டயலுக்கு. 2022-இல் வந்த இந்த மாடல் 40 மி.மீ. அகலம், 10.8 மி.மீ. தடிமன். விமானிகளுக்கான பழைய வாட்ச்களின் வழியில் வந்தது என்பதால் டயலில் அலங்காரம் கிடையாது. மங்கலான கறுப்பில் தடித்த வெள்ளை எண்கள், 12-இன் இடத்தில் முக்கோணம். மணி முள் குட்டையாக, அகலமாக இருக்கும். நிமிட முள் விளிம்புக் கோடுகள் வரை நீளும். எது எந்த முள் என்று ஒரு கணம்கூடக் குழம்பாது. கண்ணாடியின் இரு பக்கமும் எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு உண்டு. இத்தகைய வாட்ச்களில் வரும் சஃபையர் கண்ணாடியில் பூச்சு இல்லாத ஒரு பரப்பு மட்டுமே சுமார் 7.7 சதவீத ஒளியைத் திருப்பியனுப்பும். இரண்டு பரப்பும் சேர்ந்தால் 15 சதவீதத்தை நெருங்கும். தலைக்கு மேல் டியூப்லைட் எரியும் அறையில் டயல் மேல் வெள்ளைக் கோடு விழுவது இதனால்தான். வெளிப்பக்கப் பூச்சில் வருடங்கள் போகப் போக மெல்லிய கீறல்கள் தெரியும். அதற்காக இந்த வசதியை விட வேண்டாம். முழுதாகச் சாவி ஏறியிருந்தால் 120 மணி நேரம் ஓடும். வெள்ளிக்கிழமை கழற்றி வைத்தாலும் திங்கட்கிழமை நேரம் திருத்த வேண்டியதில்லை.

குறை இரண்டு. எண்கள் இருட்டில் ஒளிராது. முட்களும் முக்கோணமும் சில கோடுகளும்தான் ஒளிரும். தேதிக் கட்டமோ சிறியது.

தேதியைப் பற்றி ஒரு கணக்கு. 40 செ.மீ. தூரத்தில் 6/6 பார்வை, அதாவது குறையில்லாத பார்வை உள்ளவர் படிக்கக்கூடிய மிகச் சிறிய எழுத்தின் உயரம் சுமார் 0.6 மி.மீ. கிட்டப் பார்க்கும் கண்ணாடி போட்ட பிறகும் பார்வை 6/18 தான் (குறையில்லாதவர் 18 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடியும்) என்றால் அது 1.75 மி.மீ. ஆகிவிடும். சிரமமில்லாமல் படிக்க அதைப்போல் இரு மடங்கு வேண்டும். வாட்ச் தேதியின் உயரமோ பெரும்பாலும் ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம். ஆகவே 6/18-க்குக் கீழே உள்ளவர்கள் தேதியை மறந்துவிட்டு, தேதியே இல்லாத வாட்சை எடுப்பது நல்லது.

அப்படி ஒன்றுதான் ரோலக்ஸ் எக்ஸ்ப்ளோரர். 36, 40 என இரண்டு அளவிலும் கிடைக்கிறது, 40 மி.மீ. 2023-இல் வந்தது. 3, 6, 9 மட்டும் எண்கள், அவையும் இருட்டில் ஒளிரும். மணி முள்ளில் உள்ள வட்டம் அதை நிமிட முள்ளிடமிருந்து சட்டென்று பிரித்துக் காட்டும். கறுப்பு டயல் பளபளப்பானது. ஜன்னலோரத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி போல் மின்னும் கோணங்கள் உண்டு. அதனால்தான் மார்க் 20-க்கு அடுத்த இடம். இன்னொன்று: அதன் ஒளிர்வு நீலம். வயதான கண்ணின் லென்ஸ் மஞ்சளேறி நீலத்தை உறிஞ்சிக்கொள்ளும். அவர்களுக்குப் பச்சை சாய்ந்த ஒளிர்வு சுலபம். புரை அறுவை முடிந்து செயற்கை லென்ஸ் வைத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அறுவைக்கு நாள் குறித்திருந்தால், வாட்ச் வாங்குவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ரோலக்ஸ் டேட்ஜஸ்டில் தேதியை இரண்டரை மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருக்கிறதே என்பார்கள். உண்மைதான், நேராகப் பார்த்தால் தெரியும். கையைக் கொஞ்சம் சாய்த்தால் தேதி நழுவி ஓடிவிடும். அதிலும் வெள்ளி டயல் மாடலை எடுக்கவே வேண்டாம்.

கிராண்ட் சீக்கோவின் பேட்டரியில் ஓடும் 9எஃப் குவார்ட்ஸ் இயந்திரம் வேறொரு தொல்லையைத் தீர்க்கிறது. பார்வை குறைந்தவருக்கு மணி பார்ப்பதைவிட மணி திருத்துவது கடினம். நேரம் திருத்தப் பக்கவாட்டில் இருக்கும் திருகை ஒரு படி இழுத்தோமா, இரண்டு படியா என்பதும் தெரியாது. சாவி ஏறும் வாட்ச் பலவற்றில் நள்ளிரவை ஒட்டித் தேதியை மாற்றினால் பல்சக்கரம் பழுதாகும். 9எஃப் ஆண்டுக்குக் கூடக் குறைய 10 நொடிக்குள் நிற்கும். பேட்டரி தீரும்வரை திருகைத் தொட வேலை அதிகம் வராது. கனமான முட்களைத் தள்ளும் விசையும் அதற்கு உண்டு. ஆனால் பட்டை தீட்டிய முட்கள் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். புரை உள்ளவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

சின்ன மணிக்கட்டுக்கு கார்ட்டியே டேங்க் பரவாயில்லை. வெளிர் டயலில் நீல முட்கள் கறுப்பாகவே தெரியும். ரோமன் எண்களைப் படிக்க முயலாதீர்கள், முள்ளின் கோணத்தை வைத்தே மணி சொல்லிவிடலாம்.

ஷோரூம் விளக்கு எந்த வாட்சையும் அழகாகக் காட்டும். அதை நம்பாமல் வாசல் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள், பிறகு நிழலான மூலையில் பாருங்கள். 10:10-இல் வைத்துக் காட்டினால், 3:15-க்கும் 6:32-க்கும் மாற்றித் தரச் சொல்லுங்கள். முட்கள் ஒன்றன்மேல் ஒன்று வரும்போது பிரித்துப் பார்க்க முடிகிறதா என்பது அப்போதுதான் தெரியும். வழக்கமாகப் போடும் மூக்குக்கண்ணாடியோடு போங்கள். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒன்றாக வரும் புரோகிரசிவ் லென்ஸ் என்றால் கீழ்ப்பகுதி வழியாகப் பாருங்கள். ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள குரோனோகிராஃப், உள்ளே சக்கரம் தெரியும் ஸ்கெலிடன் இரண்டையும் கையில் வாங்கவே வேண்டாம்.

விழித்திரையின் மையம் பாதித்து நடுப்பார்வை போய்விட்டவருக்கு மேலே சொன்ன எதுவும் போதாது. அவர்களுக்கு, தட்டித் தட்டி அதிர்வில் மணி சொல்லும் ஆப்பிள் வாட்ச் உதவும். அதில் ஹெர்மெஸ் பட்டையோடு வரும் பதிப்பும் உண்டு.