அளந்து பாத்துட்டு பேசுற ஓவன் ரிப்பேர்காரர்

எங்க வீடு சிங்கப்பூர் தெம்பனிஸ்ல, பில்ட்-இன் ஓவன். தீபாவளிக்கு நெய் பிஸ்கட் போடுற நேரமா பாத்து, ஓவன போட்டாலே வீடு முழுக்க கரண்ட் போக ஆரம்பிச்சிருச்சு. ஒரு கம்பெனிக்கு போன் அடிச்சா, வந்து பாக்காமலே ஓவனோட கன்ட்ரோல் போர்டு போயிருக்கும், புதுசு வாங்கிக்கோங்கன்னுட்டாங்க, எனக்கு மனசே ஆறல. அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா நம்பர் குடுத்து இந்த அண்ணன கூப்டோம், தனியா தொழில் பண்றவரு.

வந்ததும் ஓவன தொடவே இல்ல, நேரா டிபி பாக்ஸ்கிட்ட, அதான் வீட்டு கரண்ட் சுவிட்சுங்க இருக்குற பெட்டிகிட்ட போயி எந்த சுவிட்ச் விழுதுன்னு பாத்தாரு. எம்சிபி விழுந்தா ஓவர்லோடு, இல்ல ஷார்ட், ஆர்சிசிபி விழுந்தா கரண்ட் எங்கயோ எர்த்துக்கு கசியுது, 30 மில்லிஆம்புக்கே கட் பண்ணிடும், ரெண்டும் வேற வேற நோய் தம்பின்னாரு. எங்களுக்கு விழுந்தது ஆர்சிசிபி.

லைட் மட்டும் போட்டாரு, ஒண்ணும் ஆகல. கிரில் போட்டாரு, ஓடுச்சு. ஃபேன் மோடுக்கு திருப்பினதும் டப்புனு போச்சு. மெயின அணைச்சிட்டு உள்ள பின்தகட்ட கழட்டி, ஃபேன சுத்தி இருக்குற, சூடு குடுக்குற எலிமெண்ட்டோட ரெண்டு வயரையும் எடுத்துட்டு மீட்டர் வச்சாரு, 2000 வாட்டுக்கு 26 ஓம் கிட்ட வரணும், சரியாத்தான் வந்துச்சு. நெறைய பேரு இதோட எலிமெண்ட் நல்லாருக்குன்னு விட்டுட்டு பழிய போர்டு மேல போட்டுருவாங்க. இவரு கரண்ட் கசிவ பாக்குற மெக்கர்ங்கிற மீட்டர எடுத்து 500 வோல்ட்ல எலிமெண்ட் முனைக்கும் வெளி உறைக்கும் நடுவுல பாத்தாரு, ஒரு மெகாஓம் கூட நிக்கல, அதாவது கரண்ட் உறைக்கு கசியுது! உள்ள இருக்குற மெக்னீசியம் ஆக்சைடு பவுடர் ஈரத்த இழுத்துக்குமாம், உறையில மெல்லிசா விரிசல் விட்டா போதும், நம்ம ஊரு புழுக்கத்துக்கு கேக்கவே வேணாம். அந்த வயர் முனைகள டேப் சுத்தி ஒதுக்கிட்டு மறுபடி ஃபேன் மோடு போட்டு காட்டினாரு, ஆர்சிசிபி அசையவே இல்ல. போர்டுல ஒரு குறையும் இல்லன்னு கண்ணால பாத்துட்டேன்.

எலிமெண்ட் மட்டும் மாத்தினோம், புது ஓவன் விலைக்கு பக்கத்துல கூட வரல. குறைன்னா சொன்ன நேரத்துக்கு வரமாட்டாரு, பார்ட்ஸ் வரவும் இழுத்துச்சு. சுவருக்குள்ள இருக்குற வயரிங்ல கோளாறுன்னா தொடமாட்டாரு, அதுக்கு லைசென்ஸ் இருக்குற எலக்ட்ரீஷியன கூப்பிடுங்கன்னு முதல்லயே சொல்லிடறாரு, அது எனக்கு ரொம்ப புடிச்சுது.

கூப்பிடுறவங்க ஓவன் கதவ தொறந்தா ஓரத்துல இருக்குற மாடல் நம்பர் ஸ்டிக்கர போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல முன்னாடியே அனுப்பிடுங்க, பார்ட்ஸ கையோட கொண்டு வந்துருவாரு.