ஒன்பது வருடம் சாப்பிட்ட வலிப்பு மாத்திரையும் என் நாடித்துடிப்பும்

எனக்கு 63 வயது, கோபி பக்கம். 2013-இல் வலிப்புக்காகக் கார்பமசெபின் 200 ஆரம்பித்தார்கள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. முதல் மாதம் தலை கிறுகிறுத்தது, எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. அப்புறம் பழகிவிட்டது. ஒன்பது வருடம் ஒரு வலிப்புகூட வரவில்லை. அந்த விஷயத்தில் மாத்திரையைக் குறை சொல்லவே மாட்டேன்.

2022 தை மாதம், மஞ்சள் வேகவைக்கிற நாள். ஆட்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டேன். வீட்டுக்காரர் வழக்கம்போலச் சாவிக்கொத்தை எடுக்க ஓடினார். (இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்காது என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டார்.) அவர் வருவதற்குள் நானே எழுந்து உட்கார்ந்து, "டீ கொட்டிப்போச்சுங்களா?" என்று கேட்டேனாம்.

முன்பெல்லாம் வலிப்பு வந்தால் நாக்கு கடிபட்டிருக்கும், அரை மணி நேரம் ஆள் அடையாளம் தெரியாது. இந்த முறை இரண்டும் இல்லை. முகம் வெளுத்து, உடம்பு சில்லென்று வேர்த்திருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நாங்களும் படவில்லை, முதலில் பார்த்த மருத்துவரும் படவில்லை. வலிப்பு திரும்பிவிட்டது என்று மாத்திரையை மூன்றாக்கினார். அடுத்த இருபது நாளில் இரண்டு முறை விழுந்தேன்.

மருமகள்தான் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நாடி ரொம்ப மெதுவா அடிக்குதுங்க அத்தை" என்று கோவைக்குக் கூட்டிப்போனாள். இசிஜியில் துடிப்பு நிமிடத்துக்கு 38. ஏவி பிளாக்காம். இதயத்தின் மேலறையில் கிளம்பும் மின்துடிப்பு கீழறைக்குப் போகிற வழியில் தடைபடுகிறது. கார்பமசெபின் மூளை நரம்பில் சோடியம் நுழையும் வழியை அடைத்துத்தான் வலிப்பை அடக்குகிறது. அதே போன்ற வழி இதயத்திலும் உண்டு. ரத்தத்தில் மருந்தின் அளவு சரியாக இருந்தாலும் அரிதாக இப்படி ஆகலாம், வயதான பெண்களிடம்தான் அதிகம் பார்த்திருக்கிறார்கள் என்றார் இதய மருத்துவர். ஏற்கெனவே ஏவி பிளாக் இருப்பவர்களுக்கு இந்த மாத்திரையே கொடுக்கக் கூடாதாம். எனக்கோ ஒன்பது வருடத்தில் ஒரு இசிஜிகூட எடுத்ததில்லை. ஆத்திரம் அதில்தான்.

லாமோட்ரிஜின் என்ற வேறொரு வலிப்பு மாத்திரைக்கு மாறலாமா என்று கேட்டோம். இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு அதுவும் துடிப்பைக் கெடுக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021-இல் எச்சரித்திருக்கிறது. கடைசியில் லெவெடிராசெட்டம். பழையதைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு முட்டிக்கொண்டு வரும் என்பதால், ஆஸ்பத்திரியிலேயே வைத்து அதைக் குறைத்து இதை ஏற்றினார்கள். பத்து நாளில் துடிப்பு 66. பேஸ்மேக்கர் தேவைப்படவில்லை.

மூன்று வருடமாகப் புது மாத்திரைதான். இப்போது கீழே விழுவதில்லை, எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன். அது மாத்திரையின் குணம் என்று உள்ளே இருக்கும் தாளிலேயே போட்டிருக்கிறது. வீட்டுக்காரர் நம்பவில்லை; கல்யாணமான நாளிலிருந்தே இப்படித்தான் என்கிறார்.